மலைப்பாதையில் ஒரு குரல் - மேகமலையும் வாக்கி-டாக்கியின் கதையும்

தேனி மாவட்டம் சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் சாலையில் மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் சங்க இலக்கியத்தில் வரும் ஒரு பூவின் பெயரை வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வருபவர்கள் அந்தப் பலகைகளுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர்களால் வேறு ஒரு பயனும் உண்டு. அது என்ன என்பது இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் வரும்.

மேகமலைக்குப் பழைய பெயர் பச்சைக்கூமாச்சி. வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ஹைவேவிஸ். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் ஹைவேவிஸ், மணலாறு, மேல்மணலாறு, வெண்ணியாறு, மகாராஜாமெட்டு, இரவங்கலாறு என்று தேயிலை எஸ்டேட் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எஸ்டேட்டுகளுக்கு நடுவே இருக்கும் அணைகள் மின்சார வாரியத்தைச் சேர்ந்தவை. அந்தத் தண்ணீர் மலையிலிருந்து குழாய் வழியாக இறங்கி, 1978-ல் தொடங்கப்பட்ட 35 மெகாவாட் சுருளியாறு மின் நிலையத்தைச் சுற்ற வைக்கிறது. சுற்றிலும் காடு. 2009-ல் வனவிலங்கு சரணாலயம் ஆனது. 2021-ல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது.

அதாவது ஒரே பாதையில் தேயிலை லாரி, எஸ்டேட் டிராக்டர், மின்வாரிய ஜீப், வனத்துறை ஜீப், அரசுப் பேருந்து, பிரசவத்துக்குக் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டி, கூடவே யானையும் காட்டு மாடும்! செல்பேசி சிக்னல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட ஒரு பாதையில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பதை எப்படித் தெரிந்து கொள்வது? மேலே ஒரு விபத்து நடந்தால் கீழே எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்கு உலகம் கண்டுபிடித்த விடைதான் இருவழி வானொலி. நம் ஊர் வழக்கில் வயர்லெஸ் செட், அல்லது வாக்கி-டாக்கி. சினிமாவில் போலீஸ்காரர் கையில் பார்த்துப் பழகிய அந்தக் கருவி உண்மையில் காட்டுக்கும் சுரங்கத்துக்கும் பிறந்த பிள்ளை என்பது பலருக்குத் தெரியாது.

செட் வருவதற்கு முன்

மலைத்தோட்டங்களில் முதலில் இருந்த 'தகவல் தொடர்பு' தபால்காரன்தான். தோல் பையில் கடிதத்தைப் போட்டுக்கொண்டு கீழே நடந்து போய், பதிலோடு மறுநாள் மேலே வரும் ஆள். எஸ்டேட்டுக்குள்ளே சேதி சொல்லக் கொம்பும் தப்பும், பிறகு ஃபாக்டரி சங்கும். காலையில் சங்கு ஊதினால் பெரட்டுக்குப் போக வேண்டும். நேரம் தவறி ஊதினால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். சங்கு 'ஏதோ நடந்தது' என்று மட்டும்தான் சொல்லும். என்ன நடந்தது, எங்கே நடந்தது, யார் வர வேண்டும் என்று சொல்லாது. பதிலும் கேட்காது.

இதே தேனி மலைகளில் போக்குவரத்து எவ்வளவு முன்னேறியிருந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. மூணாறில் 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியது. 1908-ல் அது நீராவி இன்ஜின் ஓடும் சிறிய ரயில் பாதையானது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடப் பாதையில் தொங்கியபடி தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கின, அங்கிருந்து போடிநாயக்கனூர். 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலும் வந்தது.

ஆனால் அதற்குள் மலை மேலே இருந்த ரயில் போய்விட்டது. 1924 ஜூலையில் பெய்த பெருமழை மூணாறை அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் அதைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே சொல்கிறார்கள். தண்டவாளம் போனது, பாலங்கள் போயின, சாலை போனது. பாதையை ஒட்டிப் போகும் எந்தக் கம்பியும் பாதை சரியும்போது கூடவே அறுந்துவிடும். மலையில் தந்திக் கம்பி, தொலைபேசிக் கம்பி எல்லாவற்றுக்கும் உள்ள பலவீனம் இதுதான். எப்போது மிக அவசியமோ அப்போதுதான் அது அறும். கம்பியே இல்லாத தொடர்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

மின்சார வாரியங்கள் இதற்கு வேறொரு வழி கண்டன. மின்சாரம் போகும் உயர் அழுத்தக் கம்பியிலேயே உயர் அதிர்வெண் அலையை ஏற்றி, ஒரு மின் நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேசும் முறை அது. மின் நிலையத்துக்குள் இருப்பவருக்கு அது நல்ல வசதி. ஆனால் பாதையில் லாரி ஓட்டுபவருக்கு அதனால் ஒன்றும் பயனில்லை.

சுரங்கத்தில் பிறந்த வாக்கி-டாக்கி

வாக்கி-டாக்கி என்றால் இரண்டாம் உலகப் போர் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. 1937-ல் கனடாவில் டொனால்ட் ஹிங்ஸ் என்பவர் ஒரு சுரங்க நிறுவனத்தில் வேலை பார்த்து வந்தார். நிறுவனத்தின் ஆட்களும் சிறு விமானங்களும் பாதையே இல்லாத வட பகுதிக் காடுகளில் கனிமம் தேடி அலைவார்கள். அவர்கள் தொலைந்து போனால் தேடுவதற்கு வழியில்லை. அதற்காக ஹிங்ஸ் தூக்கிச் செல்லக் கூடிய இருவழி செட் ஒன்றைச் செய்தார். போர் வந்ததும் அது ராணுவத்துக்குப் போனது. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் கிராஸ் என்ற இளைஞர் 1938-ல் தனியாக ஒன்றைச் செய்தார். பிற்காலத்தில் மோட்டரோலா என்று பெயர் மாறிய கால்வின் நிறுவனம் கையில் பிடிக்கும் செட்டையும், 1943-ல் முதுகில் சுமக்கும் எஃப்.எம். செட்டையும் ராணுவத்துக்குக் கொடுத்தது. 'வாக்கி-டாக்கி' என்ற பெயர் முதலில் நிலைத்தது அந்த முதுகுச் சுமைக்குத்தான்.

இதற்கும் முன்பே ஆஸ்திரேலியாவில் இன்னொரு அதிசயம் நடந்தது. அங்கே உள்நாட்டுப் பாலைவனப் பண்ணைகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நூறு கிலோமீட்டர்கூட இருக்கும். 1928-ல் ஜான் ஃபிளின் என்பவர் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கினார். விமானமும் டாக்டரும் தயார். ஆனால் நோய் வந்திருக்கிறது என்று யார் டாக்டரிடம் சொல்வது? 1929-ல் ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர் சைக்கிள் போலக் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலி செட்டைச் செய்து கொடுத்தார். கரண்ட் இல்லை, கம்பி இல்லை, கடை இல்லை. காலால் மிதித்தால் டாக்டர் வருவார்! ஆம்புலன்ஸ் வைப்பதற்கு முன் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒரு வழி வேண்டும் என்ற பாடத்தை உலகத்துக்குச் சொன்னது அந்த மிதி செட்தான்.

நம் ஊரில் ஏன் வரவில்லை?

இங்கேதான் சட்டம் வருகிறது. 1885-ம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம், தொலைத்தொடர்பு முழுவதையும் அரசின் தனி உரிமை ஆக்கியது. 1933-ல் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. அதன்படி லைசென்ஸ் இல்லாமல் வானொலிக் கருவி வைத்திருப்பதே குற்றம். அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்கும் ரேடியோவுக்கே லைசென்ஸ் வேண்டும். தாத்தா பாட்டி வீடுகளில் தபால் ஆபீஸ் முத்திரை குத்திய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இன்னமும் கிடைக்கலாம். கேட்கும் ரேடியோவுக்கான லைசென்ஸ் 1980-களில் ஒழிந்தது. பேசும் ரேடியோவுக்கு ஒழியவில்லை.

வெள்ளைக்காரனின் பயம் புரியக்கூடியது. குரல் யாருடைய கையில் இருக்கிறதோ அவர் கையில் அதிகாரமும் இருக்கும். 1939-ல் போர் தொடங்கியதும் இந்தியாவில் இருந்த அமெச்சூர் வானொலிக்காரர்கள் எல்லோருடைய அனுமதியும் ரத்து செய்யப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பயம் தொடர்ந்தது. 1952-ல் மத்திய அரசில் அலைவரிசைகளைப் பங்கிட்டுக் கொடுக்கத் தனிப் பிரிவு ஏற்பட்டது. அதனிடம் விண்ணப்பித்து, அலைவரிசை வாங்கி, ஆண்டுதோறும் கட்டணம் கட்டினால் ஒரு நிறுவனம் வயர்லெஸ் வைத்துக் கொள்ளலாம். போலீஸ், வனத்துறை, மின்வாரியம், துறைமுகம், பெரிய தொழிற்சாலைகள் வைத்துக் கொண்டன. லாரி ஓட்டுனருக்கும், ஜீப் ஓட்டுனருக்கும், லயத்தில் இருக்கும் தொழிலாளிக்கும் அது எட்டாத பொருளாகவே இருந்தது.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் லாரிக்காரர்கள் சி.பி. ரேடியோவில் அரட்டை அடித்துக்கொண்டு ஓட்டிய காலத்தில், நம் ஊர் லாரிக்காரருக்கு இருந்தது ஹாரனும் ஹெட்லைட்டும்தான். 'சவுண்ட் ஹாரன்' என்று ஒவ்வொரு லாரியின் பின்புறமும் எழுதியிருப்பதை ஒருவகையில் வயர்லெஸ் இல்லாத நாட்டின் வயர்லெஸ் என்றே சொல்லலாம்!

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 2005-ல் 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. அலைவரிசை 5 வாட் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது. 2018-ல் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை அரை வாட் அளவுக்கு உள்ள சிறு செட்டுகளுக்கும் விலக்கு வந்தது. 1885-ம் ஆண்டு, 1933-ம் ஆண்டு சட்டங்களுக்குப் பதிலாக 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. இதற்கிடையே இணையக் கடைகளில் மலிவு விலை சீன செட்டுகள் குவிந்தன. கடையில் கிடைக்கிறது என்பதால் சட்டப்படி சரி என்று பலர் நினைத்து வாங்கினார்கள். போலீஸ் அலைவரிசையிலேயே குறுக்கிடக் கூடிய செட்டுகள் அவற்றில் உண்டு. 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எந்த அலைவரிசை, லைசென்ஸ் வேண்டுமா வேண்டாமா, கருவிக்கு அரசு ஒப்புதல் உண்டா என்பதைச் சொல்லாமல் வாக்கி-டாக்கி விற்கக் கூடாது என்று விதிகளும் வந்தன.

ஆகவே இன்று ஒரு எஸ்டேட்டோ ஜீப் சங்கமோ செட் வாங்க நினைத்தால் முதல் கேள்வி 'எத்தனை கிலோமீட்டர் போகும்?' என்பதல்ல. 'இது எந்த அலைவரிசை, இதற்கு அனுமதி உண்டா?' என்பதுதான்.

மலைக்கு எந்த செட்?

இரண்டாவது கேள்விதான் தூரம். பெட்டியில் '30 கிலோமீட்டர்' என்று அச்சடித்திருப்பார்கள். அதை நம்பி மலைக்குப் போனால் இரண்டாவது வளைவிலேயே செட் ஊமையாகிவிடும். காரணம் எளிது. இந்த அலைகள் கிட்டத்தட்ட வெளிச்சம் போல நேர்கோட்டில் போகின்றன. நடுவில் மலை வந்தால் நிழல் விழுகிறது.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அந்த ஆன்டெனாவின் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். சமதரையில் நிற்கும் ஒருவர் கையில் செட்டை ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்திருந்தால் சுமார் 5 கிலோமீட்டர். இருவருக்கும் சேர்த்து 10. அதுவும் மரமும் கட்டிடமும் இல்லாத வெட்டவெளியில். அதே மனிதர் பள்ளத்தாக்கைவிட 1000 மீட்டர் உயரமான மலை விளிம்பில் நின்றால்? சுமார் 130 கிலோமீட்டர்!

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. மேகமலையின் விளிம்பில் நிற்பவர், கீழே கண்ணுக்குத் தெரிகிற கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவரோடு சாதாரணக் கைச் செட்டிலேயே தெளிவாகப் பேசிவிடலாம். ஆனால் அவருக்குப் பின்னால், இரண்டே கிலோமீட்டர் தள்ளி, அடுத்த மலை மடிப்புக்குள் கொழுந்து கிள்ளுகிறவர்களோடு பேச முடியாது. தொலைவில் உள்ள ஊர் பக்கமாகவும், பக்கத்து எஸ்டேட் தொலைவாகவும் ஆகிவிடும். மலையில் வயர்லெஸ் வைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது செட்டின் விலைப்பட்டியலை அல்ல, நிலத்தின் மேடு பள்ளத்தை.

செட்டுகளில் பொதுவாக இரண்டு வகை. ஏறக்குறைய 136-174 மெகாஹெர்ட்ஸ் வி.எச்.எஃப்.; 400-470 மெகாஹெர்ட்ஸ் யு.எச்.எஃப். முதலாவதன் அலைநீளம் சுமார் 2 மீட்டர், இரண்டாவதன் அலைநீளம் முக்கால் மீட்டருக்கும் குறைவு. நீண்ட அலை மலை முகட்டைத் தாண்டும்போது கொஞ்சம் வளைந்து இறங்கும். இலை தழைகளும் அதைக் குறைவாகவே விழுங்கும். அதனால் காட்டுக்கும் மலைச் சாலைக்கும் வி.எச்.எஃப். ஏற்றது. கட்டிடத்துக்குள், ஃபாக்டரிக்குள் சுவர் ஜன்னல் வழியாகப் புகுந்து வர யு.எச்.எஃப். நல்லது. லைசென்ஸ் தேவையில்லாத 446 மெகாஹெர்ட்ஸ் செட் இந்த இரண்டாவது வகை. ஒரே வளைவில் முன்னும் பின்னும் வரும் இரண்டு ஜீப்புகளுக்கு அது போதும். மலை முழுவதற்கும் போதாது. சி.பி.யின் அலை 11 மீட்டர் நீளம். அதற்கேற்ற ஆன்டெனா வண்டிக்கு மேல் இரண்டரை மீட்டருக்கு மேல் நிற்க வேண்டும். குட்டை ஆன்டெனா வைத்தால் வீச்சு குறைந்துவிடும்.

வாட் அதிகமானால் தூரம் அதிகமாகும் என்பது இன்னொரு நம்பிக்கை. மலை மறைத்தால் 5 வாட்டும் ஒன்றுதான் 25 வாட்டும் ஒன்றுதான். வாட்டைக் கூட்டுவதைவிட ஆன்டெனாவை உயர்த்துவது பல மடங்கு பயன் தரும். இரும்புக் கூண்டான ஜீப்புக்குள் உட்கார்ந்து கைச் செட்டில் பேசுவதைவிட, வண்டிக் கூரையில் ஆன்டெனா பொருத்துவது நல்லது.

மடிப்புக்குள் இருப்பவர்களை இணைப்பதற்குத்தான் ரிப்பீட்டர். உயரமான முகட்டில் ஒரு நிலையம். ஒரு அலைவரிசையில் கேட்டதை இன்னொரு அலைவரிசையில் அப்போதே திருப்பிச் சொல்லும். எல்லோருக்கும் முகடு தெரியும், எனவே எல்லோரும் எல்லோரோடும் பேசலாம். ஆனால் அதிலும் ஒரு ஆபத்து உண்டு. இடி விழுந்தோ, பேட்டரி தீர்ந்தோ ரிப்பீட்டர் நின்றால் மொத்த மலையும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடும். அப்போது ரிப்பீட்டர் இல்லாமல் நேருக்கு நேர் பேசும் சேனல் எது என்பது ஒவ்வொரு ஓட்டுனருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

டிஜிட்டலா அனலாகா என்பதும் இப்போது வரும் கேள்வி. டிஜிட்டலில் இரைச்சல் இருக்காது, ஒரே அலைவரிசையில் இரண்டு பேச்சு நடத்தலாம். ஆனால் சிக்னல் குறைந்தால் சட்டென்று வெட்டிவிடும். அனலாகில் 'உஸ்' என்ற இரைச்சல் கூடிக்கொண்டே வரும். எல்லை நெருங்குகிறது என்று காது எச்சரிக்கும். விலையைவிட இந்த வித்தியாசம் முக்கியம்.

எப்படிப் பேசுவது?

செட் இருந்தால் மட்டும் போதாது. ஒருவர் பட்டனை அழுத்திப் பேசும்போது மற்றவர் பேச முடியாது. அதனால்தான் 'ஓவர்' என்ற சொல். 'நான் முடித்தேன், இனி நீ பேசு' என்று அர்த்தம். 'ரோஜர்' என்பது யாரோ ஒரு ஆளின் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. 'கிடைத்தது' என்பதைக் குறிக்கும் ஆர் என்ற எழுத்தை அந்தக் காலத்து ராணுவம் அப்படி வாசித்தது, அவ்வளவுதான். இப்போது அந்த எழுத்துக்கு 'ரோமியோ' என்று பெயர் மாறிவிட்டது. 'ரோஜர்' மட்டும் நிலைத்துவிட்டது.

மலைத் தொழிற்சாலைகளில் இந்தப் பேச்சை ஒழுங்காக வளர்த்தவர்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து மர லாரிக்காரர்கள். அங்கே காட்டுக்குள் மரம் வெட்டுவதற்காகப் போட்ட ஒற்றை வழி மண் சாலைகள் ஏராளம். மரம் ஏற்றிய லாரியைச் சரிவில் சட்டென்று நிறுத்த முடியாது. அதனால் சாலையோரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பலகை நட்டு, ஓட்டுனர்கள் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டே போகிறார்கள்: சாலையின் பெயர், எத்தனையாவது கிலோமீட்டர், மேலே போகிறோமா கீழே வருகிறோமா. 2010-க்குப் பிறகு அந்த மாகாணம் முழுவதும் சாலை அழைப்புகளுக்கு 35 பொதுச் சேனல்கள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. எந்தச் சாலையில் எந்தச் சேனல் என்பது நுழையும் இடத்திலேயே எழுதியிருக்கும்.

அவர்கள் கற்ற முக்கியமான பாடம் இது: செட் இருக்கிறது என்று வேகமாக ஓட்டக் கூடாது. எதிரில் வருபவர் செட் இல்லாதவராக இருக்கலாம், சேனல் மாற்றி வைத்திருக்கலாம், தூங்கி வழியலாம். 'யாரும் பதில் சொல்லவில்லை' என்பதற்கு 'யாரும் இல்லை' என்று பொருள் அல்ல. மேகமலையில் எதிரே யானையும் வரலாம். யானையிடம் செட் கிடையாது!

இப்போது அந்தப் பூக்களின் பெயருக்கு வருவோம். 'மேலே ஒரு வளைவுல நிக்கிறேன்' என்று சொன்னால் 18 வளைவில் எது என்று யாருக்குத் தெரியும்? வளைவுக்கு வளைவு தனிப் பெயர் இருந்தால் ஒரே சொல்லில் இடம் தெரிந்துவிடும். 'லாரி, லோடு, இன்ன பூ வளைவு, இறங்குது.' கனடாக்காரன் கிலோமீட்டர் கல்லை வைத்துச் செய்ததை, சின்னமனூர்க்காரர் சங்கப் பூவை வைத்துச் செய்யலாம்.

பெட்டிமுடியின் இரவு

இதெல்லாம் வெறும் கருவிக் கதை என்று தோன்றலாம். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

தேனி மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் வருவது மூணாறு மலைகள். அங்கே ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி. லயங்களில் இருந்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். தொடர்ந்து மழை. மின்சாரம் இல்லை. செல்பேசி டவரும் செயலிழந்திருந்தது. இரவு பத்தே முக்கால் மணி அளவில் மலை சரிந்து, உறங்கிக் கொண்டிருந்த லயங்களின் மேல் விழுந்தது. இறந்தவர்கள், கிடைக்காமலே போனவர்கள் எல்லாம் சேர்த்து 70 பேர்.

தப்பியவர்கள் இருட்டில், மழையில், கையால் மண்ணைத் தோண்டினார்கள். வெளியே சொல்ல வழியில்லை. ஆள் நடந்து போய்த்தான் சேதி சொல்ல வேண்டியிருந்தது. வெளி உலகுக்குச் சேதி தெரிந்தபோது பொழுது விடிந்திருந்தது. வழியில் பெரியவரைப் பாலமும் வெள்ளத்தில் பழுதாகியிருந்ததால் மீட்புப் படை போய்ச் சேர இன்னும் நேரமானது.

யோசித்துப் பாருங்கள். தபால்காரன் நடந்து போய்ச் சேதி சொன்ன காலத்துக்கும் 2020-க்கும் இடையே நூறு ஆண்டுகள். அந்த ஒரு இரவில் அந்த நூறு ஆண்டுகளும் இல்லாமல் போய்விட்டன. வயர்லெஸ் இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. மண்ணுக்கு அடியில் போனவர்களில் பலரை எந்தச் சேதியும் காப்பாற்றியிருக்காது. ஆனால் காயத்தோடு விடியும் வரை கிடந்தவர்களுக்கு அந்த ஏழெட்டு மணி நேரம் என்பது சின்ன விஷயம் அல்ல.

இதற்கு இரண்டு ஆண்டு முன், 2018 மார்ச் 11-ல் போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேற்றக் குழுக்களைச் சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கங்கே கிடைத்த செல்பேசி சிக்னலில் சேதி வெளியே வந்தது. முதலில் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தது அடிவாரத்து ஊர் மக்கள்தான். இரண்டு சம்பவங்களும் ஒன்றையே சொல்கின்றன. செல்பேசி வந்ததும் வயர்லெஸ்ஸின் வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துவிட்டோம். டவருக்குக் கரண்ட் வேண்டும், கம்பி வேண்டும் அல்லது அடுத்த டவர் வேண்டும். பேட்டரி உள்ள இரண்டு செட்டுகளுக்கு நடுவில் வேறு எதுவும் வேண்டாம்.

அரிக்கொம்பன் வந்தபோது

2023 மே மாதம் மேகமலைக்கே வானொலி அலைகளின் முக்கியத்துவம் புரிந்தது. ஏப்ரல் 29-ல் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை, சில நாட்களிலேயே மேகமலைப் பக்கம் வந்தது. சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை. எஸ்டேட் மக்கள் மாலையானால் வீட்டை விட்டு வெளியே வர முடியாத நிலை. மே 27-ல் அது கம்பம் நகருக்குள்ளேயே புகுந்தது. ஜூன் 5-ல் பிடிக்கப்பட்டு களக்காடு - முண்டந்துறைக்குக் கொண்டு போகப்பட்டது.

யானையின் கழுத்தில் இருந்த காலர் செயற்கைக்கோள் வழியாக இடத்தைச் சொன்னது. ஆனால் அந்த இடம் வனத்துறையின் திரையில் தெரிந்தால் போதுமா? மணலாற்றிலிருந்து இறங்கிக் கொண்டிருக்கும் டிராக்டர்காரருக்கு அது தெரிய வேண்டாமா? காலர் ஒருவழி. அதைக் கேட்டவர் ஊருக்குச் சொல்லும் இரண்டாவது வழிதான் உயிரைக் காக்கும். வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமார் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். யானை நிற்கும் இடத்தைக் கேபிள் டிவியில் ஓடும் எழுத்தாகவும், குறுஞ்செய்தியாகவும், சாலையோரச் சிவப்பு விளக்காகவும் மக்களுக்குச் சொன்னார்கள். அந்தப் பணிக்கு 2015-ல் விட்லி விருதும் கிடைத்தது. வால்பாறையில் செல்பேசி கிடைக்கிறது, அதனால் அந்த வழி. கிடைக்காத மடிப்புகளில் அதே வேலையைச் செய்ய வயர்லெஸ்ஸால்தான் முடியும்.

முடிவாக...

கனடாவின் காட்டில் ஒரு சுரங்க நிறுவனம் தன் ஆட்களைத் தேடுவதற்காகச் செய்த கருவி இது. ஆஸ்திரேலியப் பண்ணையில் ஒரு தாய் காலால் மிதித்து டாக்டரைக் கூப்பிட்ட கருவி இது. நம் நாட்டில் மட்டும் அது நீண்ட காலம் அதிகாரத்தின் இடுப்பிலேயே தொங்கியது.

செலவு பெரிதல்ல. எஸ்டேட்டுக்கு ஒரு நிலையான செட், பேருந்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஒவ்வொன்று, ஒவ்வொரு லயத்திலும் ஒரு கைச் செட், முகட்டில் சோலாரில் ஓடும் ஒரு ரிப்பீட்டர். முறையான லைசென்ஸ். மாதம் ஒரு முறை எல்லோரும் பேசிப் பழகும் ஒத்திகை. மழைக்காலம் தொடங்கும் முன் பேட்டரியைப் பார்ப்பது. செட் மேனேஜர் பங்களாவில் பூட்டிக் கிடக்காமல், சரிவு விழக்கூடிய லயத்தில், இரவு விழித்திருக்கும் ஒருவர் கையில் இருப்பது. கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம்.

மலை சரிவதைத் தடுக்க முடியாமல் போகலாம். யானையின் வழியை மறிக்கவும் கூடாது. ஆனால் 'இங்கே இப்படி நடந்துவிட்டது, வாருங்கள்' என்று சொல்ல விடியும் வரை காத்திருக்க வேண்டிய நிலை இனி எந்த மலையிலும் இருக்கக் கூடாது.